அர்த்தம் தெரியும் முன்னமே மனப்பாடமான ஒன்று: உங்களுக்கு எது?

மோல்மேன் ஸயாமா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கேள்வி கேட்கத்தான் வந்தேன். என் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் கேள்வி புரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1974-இல் பர்மாவில் மோல்மேன் என்ற ஊரில் பிறந்தவள். ஸயாமா என்றால் பர்மியில் டீச்சர். அப்பா ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். 1965, 66-இல் தனியார் பள்ளிக்கூடங்களை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு எங்கள் பக்கம் தமிழ் சொல்லிக்கொடுக்க இடமே இல்லாமல் போயிற்று. கோயில் மண்டபத்தில் எப்போதாவது ஒரு பெரியவர் ஆனா ஆவன்னா எழுதிக் காட்டுவார். அவரும் போன பிறகு அதுவும் நின்றது. அதனால் எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகளும் தமிழ் பேசுவோம், பர்மியில் எழுதுவோம். நான் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்தது இருபத்தாறு வயதில்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அப்பா ரங்கூன் போய்விட்டு ஒரு கேசட் வாங்கி வந்தார். அப்போது தான்லுவின் ஆற்றுக்குப் பாலம் கிடையாது, அது 2005-இல்தான் வந்தது. ரயில் மொட்டாமாவோடு நின்றுவிடும், அங்கிருந்து ஃபெரி. தண்ணீர் தெறித்துவிடக்கூடாது என்று கேசட்டை லுங்கியில் சுற்றி, அதை டிஃபன் கேரியரின் மேலடுக்கில் வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். 'திருவிளையாடல்' படத்தின் கதை வசனம். படம் 1965-இல் வந்தது, எங்கள் வீட்டுக்கு அதன் குரல் மட்டும் பதினெட்டு வருஷம் கழித்து வந்தது. இரண்டு கேசட்டாக விற்பது, அப்பாவுக்குக் கிடைத்தது முதல் கேசட் மட்டும். எனவே எனக்குத் தருமி கதை முழுக்கத் தெரியும். தாட்சாயணி கதை பாதியில் நின்றுவிடும். சிவன் மீன் பிடிக்க வந்தாரா, விறகு விற்றாரா, ஒன்றும் தெரியாது.

கரண்டு இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. இல்லாத நாளில் நான்கு பெரிய பேட்டரி போட்டுக் கேட்போம். பேட்டரி இறங்கிவிட்டால் சிவபெருமான் குரல் இழுத்து இழுத்துக் கனத்துப் போகும். மறுநாள் அம்மா பேட்டரிகளை வற்றலோடு சேர்த்து வெயிலில் காய வைப்பார். அப்படிக் கேட்டே அந்த ஒரு மணி நேரமும் எனக்கு மனப்பாடம். தருமி புலம்புவது, நக்கீரர் மறுத்துப் பேசுவது, அரசவையில் படிக்கிற அந்தப் பாட்டு, எல்லாம்.

அந்தப் பாட்டைத்தான் சொல்ல வந்தேன். "கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி" என்று தொடங்கும் ஐந்தே வரி. எனக்குத் தேர் என்றால் பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் வடம் பிடிக்கும் தேர். தும்பி என்றால் வயலில் நெல் முற்றும் காலத்தில் கண்ணாடிச் சிறகோடு பறக்கிற தட்டான். ஆகவே கொங்கு என்று ஓர் ஊர், அங்கே ஒரு தேர், தேரைச் சுற்றிலும் தட்டான்கள். பல வருஷம் அந்தக் காட்சியோடுதான் அந்தப் பாட்டை வைத்திருந்தேன். இப்போதும் அதைச் சொன்னால் முதலில் அந்தத் தேர்தான் வருகிறது.

2016-இல் ஒரு கல்யாணத்துக்காக முதல் தடவையாக மெட்ராஸ் போனேன். திருவல்லிக்கேணியில் நடைபாதையில் பழைய புத்தகம் பரப்பி வைத்திருந்தார்கள். குறுந்தொகை என்று ஒரு தடித்த புத்தகம், உரையோடு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு அது எதற்கு என்று எண்ணிக்கொண்டேதான் எடுத்தேன். கடவுள் வாழ்த்தைத் தாண்டி ஒரு பக்கம், அடுத்த பக்கத்தில் இரண்டாம் பாட்டு. படிக்கவே வேண்டியிருக்கவில்லை. முதல் சொல்லைக் கூட்டியதும் மீதி எல்லாம் வாயில் வந்துவிட்டது. எழுதியவர் பெயர் இறையனார் என்று போட்டிருந்தது. கடைக்காரப் பையன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அங்கேயே நின்று அழுதேன்.

கொங்கு என்றால் பூந்தாது. தேர்தல் என்றால் தேடி ஆராய்தல். தும்பி வண்டு. எயிறு என்றால் பல். பூவாய்ப் பூவாய்த் திரிகிற வண்டே, என் மனம் குளிர வேண்டும் என்று பேசாதே, நீ கண்டதைச் சொல்: இவள் கூந்தலைவிட மணமுள்ள பூ உனக்குத் தெரிந்து உண்டா? இவ்வளவுதான் பாட்டு. "காமம் செப்பாது கண்டது மொழிமோ" என்பதை நான் ஒன்பது வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு இவ்வளவு நேர்மையான அர்த்தம் என்று நாற்பத்திரண்டு வயதில் தெரிந்தது.

இப்போது கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பதினான்கு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். அட்டையில் 'அணில், ஆடு' என்று காட்டினால் ஒரு மணி நேரத்தில் தூங்கிவிடுகிறார்கள். எனக்கு வந்தது மாதிரி காதில் முதலில் போட்டுவிட்டு எழுத்தைப் பின்னால் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு அப்படிக் காதிலோ கண்ணிலோ முன்னால் வந்து, அர்த்தம் பல வருஷம் கழித்து வந்து சேர்ந்த பாட்டோ படமோ புத்தகமோ எது? எது சிறந்தது என்று கேட்கவில்லை. உங்களோடு கூடவே இருந்தது எது, அது எப்படி உங்களிடம் வந்தது என்று சொல்லுங்கள்.

~

தட்டோன்காரன் எழுதியது:

ஸயாமா, நல்ல கேள்வி கேட்டீர்கள் அம்மா. எனக்கு வயது எழுபத்தாறு. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுகிறான், நான் சொல்கிறேன்.

எனக்கு அது 'பராசக்தி'. 1952 தீபாவளிக்கு வந்த படம். சிவாஜிக்கு முதல் படம், கலைஞர் வசனம். நான் பார்த்தபோது எனக்குப் பத்து வயது, ரங்கூனில் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். நம்மூர்ப் பேரைச் சொல்லி ஒரு தமிழ்ப் படம் தொடங்குகிறது என்பதே எங்களுக்குப் பெருமை. மூன்று அண்ணன் தம்பிகள் ரங்கூனில் இருக்கிறார்கள், தங்கை மதுரையில். சண்டை வருகிறது. ஒருவன் கப்பலில் போகிறான், மற்றவர்கள் நடக்கிறார்கள். கோர்ட் வசனம் முழுவதும் எனக்கு இன்றைக்கும் வரும். தட்டோனில் எந்தக் கல்யாணமானாலும் யாராவது ஒரு பையனை மேடையேற்றி அதைச் சொல்லச் சொல்வார்கள். பல கல்யாணத்தில் அந்தப் பையன் நான்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வசனத்தைப் பற்றி இல்லை. படத்தில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நடந்து போகிற காட்சி வந்ததும் என் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். படம் முடிந்து நாங்கள் வரும்போது வாசலில் வெற்றிலைக் கடை ஓரம் உட்கார்ந்திருந்தார். "தலைவலி" என்றார். அந்தப் படத்தை அதற்குப் பிறகு ஊரில் எத்தனையோ தடவை போட்டார்கள், அவர் ஒரு தடவையும் வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அப்பாவிடம் யார் கேட்டது?

அப்பா செத்து எட்டு வருஷம் கழித்து, புதுக்கோட்டையில் இருக்கும் பங்காளி ஒருவர் வந்தபோது எனக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்தார். வெ. சாமிநாத சர்மா எழுதிய 'எனது பர்மா வழி நடைப் பயணம்'. சர்மா ரங்கூனில் 1937 முதல் 'ஜோதி' பத்திரிகையை நடத்தியவர். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான், 25-ஆம் தேதி மறுபடியும் போட்டான். 1942 மார்ச் 8-இல் ரங்கூன் விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் லட்சக்கணக்கில் நம் ஜனங்கள் காட்டையும் மலையையும் நடந்தே கடந்தார்கள். சர்மாவும் மனைவியோடு நடந்தவர். பட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் நிதானமாக எழுதியிருக்கிறார், எனக்கு அந்த நிதானம்தான் தாங்கவில்லை.

அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு அத்தையிடம் போய்க் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. ப்ரோமிலிருந்து தாவுங்குப் கணவாய் வழியாக நடந்தார்கள். காலரா. தாத்தா அப்பாவின் கையில் ஒரு பித்தளைச் செம்பைக் கொடுத்து, காய்ச்சாத தண்ணீரைக் குடிக்காதே என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். அப்பாவின் தங்கை ஒருத்தி, நான்கு வயது, வழியில் போய்விட்டாள். அவளை எங்கே வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சண்டை முடிந்து தாத்தா எல்லோரையும் கூட்டிக்கொண்டு திரும்பவும் இங்கேயே வந்தார், நிலம் இங்கேதானே இருந்தது. அந்தச் செம்பு எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறது. நான் ஐம்பது வருஷம் அதில் தீர்த்தம் வாங்கியிருக்கிறேன், அது எந்தச் செம்பு என்று தெரியாமல்.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ரங்கூன் தமிழன் என்றால் வக்கீல் குடும்பம், நல்ல வீடு என்று காட்டிவிட்டார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் தெலுங்குக்காரர்கள் அதிகம். நம் ஆட்கள் நெல் வயலில் கூலி, அரிசி ஆலையில் கூலி, செட்டியார் கடையில் ஆள். அவர்களுடைய நடைக்குப் படத்தில் சில நிமிஷம்தான். ஆனாலும் அந்தச் சில நிமிஷத்தை என் அப்பாவால் பார்க்க முடியவில்லை.

பிள்ளைகளுக்குக் கோர்ட் வசனம் கொடுங்கள் அம்மா. வாய் திருந்தும். புத்தகம் பிறகு தானாக வந்து சேரும்.

~

இன்செய்ன் பையன் எழுதியது:

ஐயா எழுதினதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியல. என் தமிழ்ல தப்பு இருந்தா திருத்துங்க.

எங்க அப்பா தமிழ், ரயில்வே ஷெட்ல ஃபிட்டர். அம்மா கரென் இனம், சர்ச் பாட்டுக் குழுவுல ஆல்ட்டோ பாடுவாங்க. வீட்டுல பர்மிதான். அப்பா தமிழ்ப் பாட்டு போட்டா அம்மாவுக்குப் புரியாது, அம்மா கரென் பாட்டு பாடினா அப்பாவுக்குப் புரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டது ஒரே ஒரு டேப். அட்டை கிடையாது, பேர் கிடையாது, லேபிள் தேஞ்சு போச்சு. பாட்டுக்குக் குரலே இல்ல, வயலின்தான். எங்க வீட்டுல அதுக்குப் பேரு 'மழை டேப்'. மழைக்காலத்துல அப்பா ஷிஃப்ட் முடிஞ்சு வந்து நனைஞ்ச சட்டையோட முதல்ல அதைத்தான் போடுவாரு.

அதுல ஒரு இடத்துல அம்மா எப்பவும் கையில இருக்கிற வேலையை நிறுத்திடுவாங்க. "இது எங்க ஆளு" அப்படின்னுவாங்க. அப்பா "இல்ல, இது எங்க ஆளு" அப்படின்னுவாரு. எனக்குச் சின்ன வயசுல அது ஏதோ செல்லச் சண்டைன்னு தெரியும், அவ்வளவுதான்.

2014-ல சிம் கார்டு பர்மா காசு 1,500 சாட்டுக்கு வந்துச்சே, அதுக்கு அடுத்த வருஷம் ஃபோன்ல என்னமோ கேட்டுக்கிட்டு இருந்தப்ப அடுத்ததா தானா அது ஓடுச்சு. மழை டேப். பேரைப் பார்த்தேன். இளையராஜா, 'ஹவ் டு நேம் இட்', 1986. 'இதுக்கு என்ன பேர் வைக்கிறது'ன்னு அர்த்தம். தியாகராஜருக்கும் ஜெர்மனிக்காரர் பாக்குக்கும் காணிக்கையா பண்ணினது. வயலின் வி. எஸ். நரசிம்மன். அம்மா வேலையை நிறுத்துற அந்த இடம் 'பாக்கை என் வீட்டுல சந்திச்சேன்'னு பேர் வச்ச பாட்டு. பாக் தனி வயலினுக்கு எழுதின மூணாவது பார்ட்டிட்டாவோட தொடக்கம் அதுக்குள்ள வருது. அம்மா சர்ச்சுல பாக் பாடினவங்க, காது கண்டுபிடிச்சிருக்கு. அப்பா அதே இடத்துல நம்ம ராகத்தைக் கண்டுபிடிச்சிருக்காரு. ரெண்டு பேரு சொன்னதும் சரி.

அப்பா அப்போ உயிரோட இல்ல. அம்மாகிட்ட ஃபோனைக் கொடுத்தேன். முழுசாக் கேட்டாங்க. அப்புறம் பர்மியில கேட்டாங்க, "உங்க அப்பாவுக்குப் பேர் தெரிஞ்சிருக்குமா?" எனக்குத் தெரியல.

ஸயாமா, உங்க பிள்ளைங்கள்ல அம்மா பர்மி இனமோ மொன் இனமோ இருக்கிற பிள்ளைங்க இருப்பாங்க. அவங்களுக்கு வீட்டுல எல்லாரும் சேர்ந்து கேக்கிற மாதிரி வார்த்தை இல்லாத பாட்டு ஒண்ணு கொடுங்க. தமிழ் வகுப்புக்கு அது எதுக்குன்னு கேக்காதீங்க, ப்ளீஸ். நான் தமிழ் படிக்க ஆரம்பிச்சதே அந்த டேப்போட பேரைத் தேடினதுக்கு அப்புறம்தான்.

~

மொகல் தெரு துணிக்கடை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

நாகூர் ஹனிபா. 'இறைவனிடம் கையேந்துங்கள்'. வாப்பா கடை திறந்ததும் அதுதான், நான் திறந்தாலும் அதுதான். எங்கள் வாப்பாவின் ஊர் ராமநாதபுரம் பக்கம், ஹனிபாவும் ராமநாதபுரத்தில் பிறந்தவர் என்று வாப்பாவுக்குத் தனிப் பிரியம். அம்மன் கோயிலுக்குச் சிவப்புப் புடவை எடுக்க வருகிறவர்கள் கல்லாப் பக்கம் நின்று அந்தப் பாட்டை முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பதிலுக்கு எல்.ஆர். ஈஸ்வரியின் 'கற்பூர நாயகியே' எங்களுக்கு வரி பிசகாமல் தெரியும். திருவிழாவுக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டினால் தெரு முழுக்க அதுதானே.

அர்த்தம் எப்போது வந்தது என்று கேட்டால், கொரோனா நேரத்தில் கடையை நான்கு மாதம் மூடி வைத்திருந்தபோது. அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

~

வியாசர்பாடி அம்மா எழுதியது:

ஸயாமா, நான் அந்தப் பக்கத்துக்காரிதான். 1965-ல பர்மாவுல இருந்து கப்பல்ல மெட்ராஸ் வந்தப்போ எனக்கு ஒன்பது வயசு. அதுக்கு முந்தின வருஷம் மே மாசம் அம்பது ரூபா, நூறு ரூபா நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. அப்பா கடைக் கல்லாவுல இருந்தது பூரா காகிதமாப் போச்சு. கப்பல்ல ஏறும்போது கழுத்துல காதுல இருந்ததையும் எண்ணித்தான் விட்டாங்க. பாட்டு, புஸ்தகம் எல்லாம் யாரு எடுத்துட்டு வந்தா?

நீங்க சொல்ற மாதிரிதான் எனக்கும் நடந்துச்சு, ஆனா தலைகீழா. எனக்குக் காதுல இருந்தது பர்மி. இங்க வந்து கார்ப்பரேஷன் ஸ்கூல்ல சேத்தாங்க. வாயைத் தொறந்தா பிள்ளைங்க சிரிக்கும். அதனால பர்மியைப் பேசறதையே விட்டுட்டேன். அம்மாவும் நானும் மட்டும் அடுப்பங்கரையில பேசிக்குவோம். அம்மா பீச் பக்கம் அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், கடை போட்டாங்க, அங்க வாடிக்கைக்காரங்ககிட்டயும் தமிழ்தான். அம்மா போனப்புறம் பேச ஆளில்ல. மறந்துட்டேன்னே நெனச்சேன்.

ரிட்டயர் ஆனப்புறம் நூலகத்துல ஹெப்சிபா ஜேசுதாசன் புஸ்தகம் தேடினேன். 'புத்தம் வீடு' முன்னமே படிச்சது, ரொம்பப் பிடிக்கும். அலமாரியில அவங்களோட இன்னொண்ணு இருந்துச்சு. 'மா-னீ'. பர்மாவுல நடக்கிற கதைன்னு எனக்கு அப்போ தெரியாது. அட்டையைப் பார்த்தேன், உதடு தானா அசைஞ்சது. மான்னா அக்கா மாதிரி, பொண்ணுங்க பேருக்கு முன்னால மரியாதையா வர்றது. னீன்னா சிவப்பு. எங்க பெகு வீட்டுக்கு எதுத்த வீட்டுல ஒரு அக்கா, கன்னத்துல தனக்கா மரப்பட்டையை அரைச்சுப் பூசிட்டு வாசல்ல உக்காந்து சுருட்டு சுத்துவாங்க, நாங்க அவங்களை அப்படித்தான் கூப்பிடுவோம். நாப்பது வருஷமா அந்த அக்கா ஞாபகத்துலயே இல்ல. அந்த ரெண்டு எழுத்துல வந்து நின்னாங்க.

அன்னிக்குப் புஸ்தகத்தைத் தொறக்கல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி அடுப்பங்கரையில உக்காந்து சத்தமா எனக்குத் தெரிஞ்ச பர்மி வார்த்தை ஒவ்வொண்ணாச் சொல்லிப் பார்த்தேன். தண்ணி, சோறு, வா, போதும், மழை பெய்யுது. மருமக வந்து பாத்துட்டு பயந்துட்டா. மறுநாள்தான் படிக்க ஆரம்பிச்சேன். கதையைப் பத்தி நான் சொல்லமாட்டேன், நீங்களே படிங்க.

இன்செய்ன் தம்பி, உன் தமிழ்ல தப்பு ஒண்ணும் இல்லப்பா. அம்மாவை நல்லாப் பாத்துக்கோ.

~

மோல்மேன் ஸயாமா எழுதியது:

மூன்று நாளாக நெட் வரவில்லை. இன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தேன். தட்டோன் ஐயா, அந்தச் செம்பை ஒரு நாள் வந்து பார்க்கலாமா? ரயிலில் இங்கிருந்து பக்கம்தானே. வியாசர்பாடி அக்கா, 'மா-னீ' கிடைத்தால் எனக்கு ஒரு பிரதி வேண்டும், வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

முந்தின ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகளிடம் எழுத்தே காட்டாமல் அந்த ஐந்து வரியை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். இருபது நிமிஷத்தில் பதினொரு பேருக்கு வந்துவிட்டது. மற்ற மூன்று பேர் ஆளுக்கொரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அர்த்தம் சொல்லாமல் விட்டுவிடலாம், என்னை மாதிரி அவர்களும் ஒரு தேரை வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். மனசு கேட்கவில்லை, கடைசி வரியை மட்டும் சொன்னேன்: இவள் தலைமுடியைவிட மணக்கிற பூ உனக்குத் தெரியுமா என்று வண்டிடம் கேட்கிறார்கள்.

ஏழு வயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். அவள் அம்மா மொன். "ஸயாமா, அந்த வண்டு மெட்ராஸ் வண்டா, மோல்மேன் வண்டா?" என்றாள். ஏன் என்று கேட்டேன். "மோல்மேன் வண்டுன்னா அதுக்குப் படாக் பூ தெரியும்ல. அப்ப அது உண்டுன்னுதானே சொல்லணும்?" என்றாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படாக் இங்கே தண்ணீர்த் திருவிழா சமயம் முதல் மழை விழுந்ததும் மரம் முழுக்க மஞ்சளாகப் பூக்கும், ஒரே நாளில் உதிர்ந்துவிடும். அன்றைக்குத் தெருவில் யாருடைய தலையைப் பார்த்தாலும் அந்தப் பூதான், எங்கள் அம்மா கனகாம்பரத்தோடு சேர்த்துக் கட்டி வைத்துக்கொள்வார். கண்டதைச் சொல் என்று பாட்டே கேட்கிறது. அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை, அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

இந்த ஞாயிறு கோர்ட் வசனம். மழை டேப்பை வகுப்பு முடிந்ததும் போடப்போகிறேன், கூட்டிப்போக வருகிற அம்மாக்கள் வாசலில் நிற்கிற நேரத்தில்.